இன்று மூடியிருக்கிறது, நாளை வாருங்கள்

போன வாரம், அலமாரிக்கு மேலிருந்து பயணப் பெட்டி கீழே இறங்கியதோடு கதையை நிறுத்தியிருந்தேன். பெட்டி என் மருமகள் இல்ஸேயுடையது. இறக்கியவளும் அவள்தான். மறுநாள் கப்பலிலிருந்து என் மகன் லெஃப்தேரிஸ் போன் செய்தான்.

"அம்மா, இல்ஸே சனிக்கிழமை ரிகாவுக்குக் கிளம்புறா. அவங்கம்மா வீட்டுக்கு. திரும்பி வருவாளான்னு என்னைக் கேக்காதே. எனக்கே தெரியாது."

"ஏன்டா, நான் என்னடா பண்ணேன் அவளை?"

"நீ ஒண்ணும் பண்ணலம்மா. அதான் பிரச்சனையே. அந்த வீட்டுல அவகிட்ட பேச ஒரு ஆள் இல்ல."

அத்தோடு லைன் போய்விட்டது. நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் அப்படியே நின்றேன். பேச ஆள் இல்லையாம். அப்போது நான் யார்? சுவரா?

நியாயமாகச் சொல்ல வேண்டும். என்னோடு பேசுவதென்றால் கிரேக்க மொழியில்தான் பேச வேண்டும், எனக்கு வேறு எதுவும் தெரியாது. அவளுக்குத் தெரிந்த கிரேக்கமோ பேக்கரிக் கிரேக்கம். அவள் போனில் ஒரு பெண்குரல் பாடம் நடத்தும். முதல் பாடம், ரொட்டிக் கடையில். இரண்டாம் பாடம், இனிப்புக் கடையில். மூன்றாம் பாடம் என்னவென்று எனக்குத் தெரியாது, ஏனென்றால் அவள் அங்கே போய்ச் சேரவே இல்லை. செப்டம்பரில் லெஃப்தேரிஸ் அவளை என்னிடம் விட்டுவிட்டுக் கப்பல் ஏறியதிலிருந்து, மாடியில் என் படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் இதே பாட்டுதான். "எனக்கு இது வேண்டும். அது வேண்டாம். வேறு ஏதாவது வேண்டுமா? வேறு ஒன்றும் வேண்டாம், நன்றி." கடைக்காரி பேச்சையும் வாங்குகிறவள் பேச்சையும் அவளே மாற்றி மாற்றிச் சொல்லிக்கொள்வாள்.

சாப்பாட்டு மேஜையிலும் அதேதான். தட்டில் இன்னொரு கரண்டி பீன்ஸ் வைத்தால், "இது போதும், நன்றி. எவ்வளவு ஆயிற்று?" என்று கேட்பாள். முதல் தடவை எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டேன். சிரிக்கிற வீடா இது? என் கணவர் பான்டெலிஸ் ஏப்ரலில் போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து நான் கறுப்பு, வீடு இருட்டு.

அவள் கிளம்ப இருந்த சனிக்கிழமைக்கு முந்தின வியாழக்கிழமைக்கு வருகிறேன். அன்று புனித எலெஃப்தேரியோஸ் நாள், அதாவது என் மகனின் பெயர்த் திருநாள். எங்கள் ஊரில் பிறந்தநாளைக் குழந்தைகளுக்குத்தான் கொண்டாடுவார்கள். வளர்ந்தவனுக்கு அவன் பெயர் கொண்ட புனிதரின் நாள்தான் பெரிசு. அன்றைக்கு யாரும் யாரையும் அழைக்க மாட்டார்கள். வீட்டில் விளக்கு எரிந்தால் இனிப்புப் பெட்டியோடு வந்து கதவைத் தட்ட வேண்டியதுதான். பான்டெலிஸ் இருந்தவரை, மகன் கடலில் இருந்தாலும் இந்த நாளில் எங்கள் வீட்டில் உட்கார நாற்காலி கிடைக்காது.

துக்க வீட்டுக்கு இதெல்லாம் கிடையாது. வருஷம் திரும்பும்வரை கதவு திறக்காது, இனிப்பு உள்ளே வராது. அதை எனக்கு ஞாபகப்படுத்தவென்றே காலையில் காபி குடிப்பதற்கு முன்பே வந்து நின்றாள் என் நாத்தனார் அர்கிரோ.

"அண்ணி, ஜன்னலெல்லாம் சாத்தியாச்சா?"

"சாத்தித்தான் இருக்கு. திறந்தாத்தானே சாத்த."

"ஞாயித்துக்கிழமை கோயில்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். இந்த வருஷம் வீடு திறக்கலன்னு. யாரும் வர மாட்டாங்க."

"நீ சொன்னதுக்கப்புறம் வருவாங்களா?"

"அப்படி ஏன் சலிச்சுக்கறீங்க? எங்க அண்ணனுக்கு இதுகூடச் செய்யலன்னா எப்படி?"

அர்கிரோவுக்கு அண்ணன் என்றால் உயிர். அவர் போன பிறகு இவள் சிரித்து யாரும் பார்க்கவில்லை. அதனால் இவள் வாயை நான் பொறுத்துப்போகிறேன், எல்லா நாளும் இல்லாவிட்டாலும்.

அப்போதுதான் இல்ஸே மாடியிலிருந்து இறங்கி வந்தாள். கழுத்தில் சிவப்பு மஃப்ளர், உதட்டில் சாயம். வாசலில் நின்று எங்கள் இருவருக்கும் "காலை வணக்கம்" என்றாள். பையை எடுத்துக்கொண்டு பேக்கரிக்குக் கிளம்பினாள்.

அர்கிரோ அவள் போகும்வரை மஃப்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தினம் ரொட்டி வாங்கப் போறாளே, அங்க என்ன சினிமாவா ஓடுது?"

"நடந்துட்டு வரட்டும் விடு. வீட்டுக்குள்ளயே கிடந்தா பைத்தியம் பிடிக்காதா?"

"அவளுக்கென்ன, சனிக்கிழமை போறா. நமக்குத்தான் இந்த வீடு."

நமக்குத்தான் இந்த வீடு. அர்கிரோ போன பிறகும் அந்தப் பேச்சு என் காதில் நின்றது. இருட்டு வீடு, பான்டெலிஸின் படம், அதன் முன்னால் ஒரு எண்ணெய் விளக்கு, நான். சனிக்கிழமைக்குப் பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் "பெரியது வேண்டாம், சிறியது போதும்" என்று சொல்லவும் ஆள் இருக்காது. எனக்கு அது வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்ல வரவில்லை. வந்தாலும் எந்தப் பாடத்து வார்த்தையில் அவளிடம் சொல்வது?

அந்த நேரத்தில் முனைக் கடையில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது எனக்குச் சாயங்காலம்தான் தெரிந்தது. கடைக்காரி வாஸோ சொன்னதை அப்படியே தருகிறேன். வாஸோ கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள், அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

வாஸோ கடையில் ஒரு பக்கம் ரொட்டி, மறு பக்கம் இனிப்பு. இல்ஸே வழக்கமாக ரொட்டிப் பக்கம் நிற்பாள். அன்று இனிப்புப் பக்கம் போய் நின்றாளாம். பின்னால் நல்ல வரிசை. என் கணவரின் சீட்டாட்டக் கூட்டாளி ஸ்தாதிஸும் அதில் இருந்தார். துறைமுகத்தில் பாரம் தூக்கி ஓய்வு பெற்ற மனுஷர், யாருக்கும் பயந்து பேசிப் பழக்கமில்லாதவர்.

"காலை வணக்கம்" என்று இல்ஸே ஆரம்பித்தாளாம். "எனக்கு இரண்டு கிலோ மெலோமகரோனா வேண்டும். தாள் சுற்றிய சாக்லேட்டும் வேண்டும். இன்று என் கணவரின் பெயர்த் திருநாள்."

மெலோமகரோனா என்றால் தேனில் ஊறவைத்து வால்நட் தூவியது, கிறிஸ்துமஸ் நோன்பிலும் சாப்பிடலாம். அதைச் சரியாகத் தேர்ந்தெடுத்தாளே என்று வாஸோவுக்கே ஆச்சரியம். ஆனால் கை தட்டின் மேலேயே நின்றுவிட்டது.

"யார் வீட்டுலம்மா? மெல்போ அக்கா வீட்டுலயா?" மெல்போ என்பது நான்தான்.

"ஆம். எங்கள் வீட்டில். மாலை ஆறு மணிக்கு." பிறகு வரிசையைத் திரும்பிப் பார்த்தாளாம். "நீங்கள் அனைவரும் வாருங்கள்."

மூன்று மாதத்தில் முதல் தடவையாக ஒரு பிழை இல்லாமல் பேசியிருக்கிறாள். வினை அங்கேதான் வந்தது. தப்பாகப் பேசியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். துக்க வீட்டு மருமகள், சிவப்பு மஃப்ளர் போட்டுக்கொண்டு, இனிப்பு வாங்கி, கூப்பிடாமலே வர வேண்டிய நாளுக்கு ஊரைக் கூப்பிடுகிறாள். வரிசையில் நின்றவர்கள் தரையைப் பார்த்தார்களாம். ஒருத்தி சிலுவைக் குறி போட்டுக்கொண்டாளாம்.

ஸ்தாதிஸ்தான் வாயைத் திறந்தார். "வர்றோம்மா."

இல்ஸே இரண்டு பெட்டியையும் வாங்கிக்கொண்டு போனதும் வாஸோ அவரைப் பிடித்துக்கொண்டாள். "என்ன ஸ்தாதிஸ் அண்ணே, அந்த வீடு இந்த வருஷம் திறக்கலன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம்?"

"அந்தப் பொண்ணு தினம் வந்து இங்க நிக்குது. நீ உட்பட யாராவது ஒரு நாள் அதை வீட்டுக்கு வாம்மான்னு கூப்பிட்டிருக்கீங்களா? நானும் கூப்பிடல. இப்ப அது நம்மளக் கூப்பிடுது. போகாம எப்படி இருக்கிறது?"

இது எதுவும் தெரியாமல் நான் வீட்டில் பருப்பு கழுவிக்கொண்டிருந்தேன். கூடத்தில் ஜன்னல் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. ஏப்ரலுக்குப் பிறகு அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் கூடம் முழுக்க வெயில். மேஜையில் நாடா கட்டிய இரண்டு பெட்டி. இல்ஸே நாற்காலிகளைச் சுவரோரமாக வரிசையாகப் போட்டுக்கொண்டிருக்கிறாள், லெஃப்தேரிஸ் அவளுக்கு எப்படிச் சொல்லியிருப்பானோ அப்படி.

"என்ன இது?"

அவள் போனை எடுத்து, கூடத்தை நோக்கிப் பிடித்துக் காட்டினாள். பிறகு கடல் இருக்கும் பக்கம் கையை நீட்டினாள். "லெஃப்தேரிஸ். பார்ப்பான். எல்லோரும்." அடுத்த வார்த்தை வரவில்லை. இரண்டு கையாலும் கூடம் நிறைந்ததுபோல் காட்டிச் சிரித்தாள்.

புரிந்தது. கப்பலில் இருக்கிறவனுக்கு, அவன் வீடு அவன் நாளில் நிறைந்திருப்பதைப் படம் பிடித்து அனுப்பப் போகிறாள். போவதற்கு முன்னால் அவனுக்காக ஒரு நல்ல காரியம். என் மகனுக்கு இப்படி ஒருத்தி வாய்த்திருக்கிறாள். ஆனாலும் நான் போய் ஜன்னலைச் சாத்தினேன்.

"இல்லை" என்றேன். "மூடு. இன்னிக்கு இல்லை."

அவளுக்கு விளங்கவில்லை. அவள் ஊரிலும் செத்தவருக்கு அழுவார்கள்தான். ஆனால் உயிரோடு இருக்கிறவனின் நாளை எதற்குச் சாத்தி வைக்க வேண்டும்? நான் என் கறுப்பு உடுப்பைப் பிடித்துக் காட்டினேன். பான்டெலிஸின் படத்தைக் காட்டினேன். இனிப்புப் பெட்டியைக் காட்டி, எங்கள் ஊரில் கூடாது என்பதற்குச் செய்வதுபோல் தலையைப் பின்னால் சாய்த்து 'ச்' கொட்டினேன்.

அவள் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. மஃப்ளரை அவிழ்த்துக் கையில் சுருட்டிக்கொண்டாள்.

"மன்னிக்கவும்" என்றாள். அப்புறம், "இதைத் திருப்பிக் கொடுக்கலாமா?"

இரண்டாம் பாடத்தில் அதுவும் இருக்கிறது.

நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். அவள் இன்னும் ஏதோ சொல்லப் பார்த்தாள். கதவைக் காட்டினாள். "ஆறு மணி. எல்லோரும். நான்... வாருங்கள்." அதற்குமேல் நின்று பேச முடியாமல் மாடிக்குப் போய்விட்டாள். ஊரையே கூப்பிட்டுவிட்டு வந்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. அர்கிரோ.

"அண்ணி, கடைத்தெருவுல என்ன பேசிக்கிறாங்க தெரியுமா?"

"இப்பத்தான் தெரியும்."

"அவளை வெச்சு நீங்கதான் சொல்லி அனுப்பினீங்கன்னு பேசறாங்க."

"பேசறவங்க வாய நான் தைக்க முடியுமா?"

"அண்ணி, ஒண்ணு சொல்றேன் கேட்டுக்குங்க. எங்க அண்ணனைப் புதைச்ச மண்ணு இன்னும் அமுங்கக்கூட இல்ல. இன்னிக்கு அந்தக் கதவு திறந்தா, இனிமே அந்த வீட்டு வாசலை நான் மிதிக்க மாட்டேன்."

அவள் குரல் உடைந்தது. கோபத்தில் என்று நினைத்தால் கோபம்தான், ஆனால் அர்கிரோ அழுதுகொண்டிருந்தாள். "திறக்க மாட்டேன் போ" என்று சொல்லிவிட்டு வைத்தேன். அப்போது அப்படித்தான் நினைத்திருந்தேன், பொய்யில்லை.

பொழுது சாய்ந்தது. விளக்குப் போடாமல் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். தெருவில் செருப்புச் சத்தம் கேட்டது, எங்கள் கேட்டுக்கு முன்னால் நின்றது. மணி அடித்தது.

விளக்கு இல்லாத வீட்டில் இரண்டாவது மணிக்கு நிற்க மாட்டார்கள், திரும்பிப் போய்விடுவார்கள். எனக்கு அது தெரியும். மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். எல்லாம் தானாகச் சரியாகிவிடும்.

மாடிப்படியில் ஆள் இறங்கும் அரவம். இல்ஸே. போய்க் கதவைத் திறந்துவிடுவாள் என்று நான் எழுந்து நடைக்கு வந்தேன். அவள் திறக்கவில்லை. இருட்டில் கதவுக்கு முன்னால் கையைக் கோத்துக்கொண்டு நின்றாள். முணுமுணுவென்று என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். பிரார்த்தனை என்று நினைத்தேன். இரண்டடி கிட்டே போனதும் கேட்டது.

"மன்னிக்கவும். இன்று மூடியிருக்கிறது. நாளை வாருங்கள்." நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடியும் முதலிலிருந்து. "மன்னிக்கவும். இன்று மூடியிருக்கிறது."

ரொட்டிக் கடைப் பாடம். கடை பூட்டியிருந்தால் சொல்கிற வாக்கியம். தன்னால் வந்த வினையைத் தானே தீர்த்துவைக்க, தெருவில் நிற்கிறவர்கள் முகத்தைப் பார்த்து இதைச் சொல்லப் போகிறாள். தப்பில்லாமல் சொல்ல வேண்டுமே என்று என் வீட்டு நடையில் இருட்டில் நின்று படித்துக்கொண்டிருக்கிறாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. இவளை நான் இந்த வாக்கியம் சொல்ல விட்டால், சனிக்கிழமை போகிறவள் திரும்பி வரவே மாட்டாள். யாருக்கும் அதற்குமேல் மனசு இருக்காது. பான்டெலிஸ் இருந்திருந்தால் என்னைப் பார்த்து, "ஏன்டி மெல்போ, எனக்காகவா அந்தப் புள்ளையை இப்படி நிக்க வெச்சிருக்கே?" என்று கேட்டிருப்பார்.

அவளைத் தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்தினேன். விளக்கைப் போட்டேன். கதவைத் திறந்தேன்.

முன்னால் ஸ்தாதிஸ், சவரம் செய்த முகம், கையில் இனிப்புப் பெட்டி. அவருக்குப் பின்னால் அவர் மனைவி, கடை ஏப்ரனைக் கழற்றக்கூட நேரமில்லாமல் வாஸோ, இன்னும் தெருக்காரர்கள் நாலைந்து பேர். எல்லோரும் அடர்ந்த நிற உடுப்பாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். அதைக் கண்டதும் எனக்குத் துணிச்சல் வந்தது.

"மெல்போ" என்றார் ஸ்தாதிஸ், "பையன் பல்லாண்டு இருக்கணும். உனக்குச் சங்கடம்னா சொல்லு, பெட்டியைக் குடுத்துட்டு இப்படியே திரும்பிடறோம்."

"குளிர்ல நின்னு என்ன பேச்சு? உள்ள வாங்க."

உள்ளே வந்தவர்கள் முதலில் படத்துக்கு முன்னால் போய் நின்றார்கள். நான் சமையலறைக்குப் போய் மேல் தட்டைத் துழாவினேன். பான்டெலிஸ் கோடை தோறும் செர்ரிப் பழம் ஊறவைத்து மது இறக்குவார். அதில் கடைசிப் புட்டி ஒன்றை யார் கண்ணிலும் படாமல் ஒளித்து வைத்திருந்தேன். எதற்கு ஒளித்தேன் என்று எனக்கே தெரியாது. எடுத்துக்கொண்டு வந்து சின்னக் கிளாஸ்களில் ஊற்றினேன்.

வீட்டுப் பெண்தான் தட்டைச் சுற்றிக் கொண்டுபோக வேண்டும். இல்ஸே கையில் இனிப்புத் தட்டைக் கொடுத்து, போ என்று கண்ணைக் காட்டினேன். அவள் பயந்துபோய் ஸ்தாதிஸ் முன்னால் நின்றாள். என்ன சொல்வது என்று தெரியவில்லை. அப்புறம் தெரிந்துவிட்டது. வாங்குகிறவள் பேச்சைத்தானே இத்தனை நாள் பேசினாள், கடைக்காரி பேச்சும் அவளுக்கு மனப்பாடம்.

"நல்வரவு" என்றாள். "உங்களுக்கு எது வேண்டும்?"

ஸ்தாதிஸ் அவளை நிமிர்ந்து பார்த்தார். தட்டைப் பார்த்தார். முகம் மாறாமல், "இன்னிக்குச் செஞ்சதா இது?" என்றார்.

"ஆம். மிகவும் புதியது."

"அப்ப ஒரு கிலோ குடும்மா."

"சிறிய பெட்டியா, பெரிய பெட்டியா?"

வாஸோதான் முதலில் வெடித்தாள். "ஐயோ, என் கடைக்கு எதிர்க்கடை போட்டாச்சு" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அடுத்து ஸ்தாதிஸின் மனைவி, அடுத்து எல்லோரும். இல்ஸேவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்து, அவளும் சிரித்தாள். அவள் சத்தம்போட்டுச் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

நானும் சிரித்தேன். படம் ஞாபகம் வந்து வாயைப் பொத்திக்கொண்டேன். பிறகு கையை எடுத்துவிட்டேன். அவருடைய செர்ரி மதுவைக் குடித்துக்கொண்டு, அவருடைய கூடத்தில், அவருடைய மகன் நாளில் சிரிக்கிறோம். அவருக்கு இதில் என்ன குறை வந்துவிடும்? வாஸோ என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு காலையில் கடையில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். இல்ஸே ஒரு கையில் தட்டும் மறு கையில் போனுமாகக் கூடத்தைச் சுற்றிச் சுற்றிப் படம் பிடித்தாள். ஸ்தாதிஸ் போனைப் பார்த்து, "டேய் லெஃப்தேரிஸ், உன் பொண்டாட்டி கடையில கடன் சொல்ல முடியாது போலிருக்கேடா" என்று கத்தினார்.

சட்டென்று எல்லோரும் என் பின்னால் பார்த்தார்கள்.

கதவை நான் சாத்தியிருக்கவில்லை. வாசற்படிக்கு வெளியே அர்கிரோ நின்றிருந்தாள். கறுப்புக் கோட்டு, கறுப்புத் துணி கட்டிய தலை, இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால். படியை மிதிக்கவில்லை. சொன்ன சொல் தவறாதவள்.

இல்ஸேவுக்கு என்ன தெரியும்? போனை மேஜையில் வைத்துவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு நேராக அவளிடம் போனாள். "நல்வரவு. உங்களுக்கு எது வேண்டும்?"

அர்கிரோ தட்டைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"யாருக்காக அண்ணி இதெல்லாம்? எங்க அண்ணனுக்காக இல்ல, அது தெரியுது. யாருக்காக? சனிக்கிழமை பெட்டியத் தூக்கிட்டுப் போறவளுக்காகவா?"

தெருக்காரர்களுக்கு இது புதுச் செய்தி. வாஸோ என் கையைப் பிடித்தாள். இல்ஸேவுக்கு அர்கிரோ பேச்சில் ஒரே ஒரு வார்த்தை புரிந்திருக்க வேண்டும். சனிக்கிழமை. அவள் கையில் இருந்த தட்டு கொஞ்சம் தாழ்ந்தது.

அர்கிரோவுக்குச் சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. நான் கறுப்பை அவிழ்க்கவில்லை, உன் அண்ணனை மறக்கவில்லை, நீ அழுகிற மாதிரிதான் நானும் தினம் அழுகிறேன். அத்தனையும் தொண்டைவரைக்கும் வந்தது. ஆனால் அதையெல்லாம் கேட்டு இல்ஸேவுக்கு என்ன விளங்கும்? அவளுக்கு விளங்க வேண்டியது ஒன்றுதான், அதைச் சொல்லாமல்தான் நான் இத்தனை நாளை ஓட்டியிருந்தேன்.

நான் அவளுக்கு எதிரே போய் நின்றேன். தட்டுக்கு இந்தப் பக்கம், வாங்க வந்தவள் நிற்கிற இடத்தில். சுவருக்கு அப்பாலிருந்து கேட்டுக் கேட்டு அந்தப் பாடம் எனக்கும்தான் மனப்பாடம். அவளுக்குப் புரியும்படி ஒவ்வொரு வார்த்தையாக, அந்தப் போன்காரி சொல்வதுபோலவே சொன்னேன்.

"எனக்கு. சனிக்கிழமை. வேண்டாம்."

அவள் என்னையே பார்த்தாள்.

"எனக்கு நீ வேண்டும்."

இல்ஸேயின் உதடு நடையில் படித்தபோது அசைந்ததுபோல அசைந்தது. கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்க அவளுக்குக் கை இல்லை, இரண்டு கையிலும் தட்டு. என்ன பதில் சொல்வது என்று அவள் தேடினாள். அவளிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

"வேறு ஏதாவது வேண்டுமா?"

"வேறு ஒன்றும் வேண்டாம்" என்றேன்.

ஸ்தாதிஸ் சுவரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். இல்ஸே தட்டை என் கையில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் மாடிக்கு ஓடினாள்.

நான் வாசல் பக்கம் திரும்பினேன். அர்கிரோ படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தாள். அவள் நின்ற இடத்தில், வாசற்படிக்கு அந்தப் பக்கம், தரையில் ஒரு பெட்டி இருந்தது. வாஸோ கடை நாடா. இவ்வளவு நேரம் முதுகுக்குப் பின்னால் பிடித்திருந்தது அதைத்தான். உள்ளே வரத்தான் வாங்கினாளா, திறக்காத கதவுக்கு முன்னால் அண்ணன் பேரில் வைத்துவிட்டுப் போக வாங்கினாளா, கூப்பிட்டுக் கேட்பதற்குள் தெரு திரும்பிவிட்டாள்.

பெட்டியை எடுக்கக் குனிந்தேன். அப்போது மேலே, இல்ஸேயின் அறையில், அந்தப் பயணப் பெட்டியின் பூட்டு 'டக்' என்று ஒரு தடவை கேட்டது. திறந்தாளா, பூட்டினாளா என்று கீழே நின்ற எனக்குத் தெரியவில்லை.